கலவன் கல்வியும் தனிப்பாற் கல்வியும்: யாழ்ப்பாணத்து வரலாறு உணர்த்துவன

ஆண்மக்களும் பெண்மக்களும் ஒரே பாடசாலையிற் கூடியிருந்து கற்றல் நன்றா, வெவ்வேறு பாடசாலைகளிற் பிரிந்திருந்து கற்றல் நன்றா என்பது கல்வியாளரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் ஒரு வினாவாகும். ஆரம்ப வகுப்புகளைக் குறித்து இவ்வினாவை எழுப்புவார் அரியர். பல்கலைக்கழகத்தைக் குறித்தும் அவ்வாறே. பதினோராம் வயதுக்கும் பத்தொன்பதாம் வயதுக்கும் இடைப்பட்ட இடைநிலைக் கல்வியிலேயே இது பெரிதும் எழுகின்றது. ஒரு சாரார், பருவத்தின் இயல்பையும் ஒழுக்கத்தின் காவலையும் முன்வைத்துப் பிரித்தலே தக்கதென்பர். மறு சாரார், வாழ்க்கையில் ஒருங்கு வாழப் போகின்றவர்கள் கல்வியிலும் ஒருங்கிருத்தலே இயற்கை என்பர். இரு சாராரும் தத்தம் கொள்கையை நிலைநாட்ட முயல்கின்றனரேயன்றி, நம் நாட்டில் இப்பிரிவு எக்காரணத்தால் வந்தது, வந்ததனால் யாருக்கு எது கிடைத்தது, யாருக்கு எது கிடையாது போயிற்று என்பவற்றை ஆராய்வதிலர். அவ்வாராய்ச்சியே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் நம் கிராமப் பாடசாலைகளின் பெயர்ப்பலகைகளை நினைவு கூர்வோம். "அ.த.க. பாடசாலை" என்னும் மூன்றெழுத்துச் சுருக்கம் யாழ்ப்பாணத்துக் குழந்தைகள் யாவர்க்கும் பழக்கமானது. அரசினர் தமிழ்க் கலவன் பாடசாலை என்பது அதன் விரிவு. அமெரிக்கன் மிஷன் நடத்தியவை அ.மி.த.க. பாடசாலை எனவும், றோமன் கத்தோலிக்கர் நடத்தியவை றோ.க.த.க. பாடசாலை எனவும் வழங்கின. நிருவாகம் மாறினும் "கலவன்" என்னுஞ் சொல் மாறவில்லை. ஆணும் பெண்ணும் கலந்து கற்றல் மேனாட்டிலிருந்து அண்மையில் வந்திறங்கிய புதுமை என்று கருதுவோர், தம் பாட்டனும் பாட்டியும் அரிச்சுவடி படித்த பாடசாலையின் பெயரையே மறந்தவராவர். ஒரு கிராமத்தில் இரண்டு பாடசாலை வைத்து நடத்தப் பணமும் இல்லை, ஆசிரியரும் இல்லை. ஆகவே ஒன்றே வைத்தனர். கலவன் முறை இங்ஙனம் தேவை பற்றி எழுந்ததேயாம்.

இடைநிலைக் கல்வியின் வரலாறு இதனின் வேறானது. அங்கே பிரிவு தொடக்கத்திலேயே வேரூன்றிவிட்டது. மிஷனரிமார் நிறுவிய கல்லூரிகள் சிலவற்றை இணையிணையாக வைத்துப் பார்ப்போம். அமெரிக்கன் மிஷனார் வட்டுக்கோட்டையில் ஆண்களுக்கான செமினரியை 1823ஆம் ஆண்டிலும், உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையை 1824ஆம் ஆண்டிலும் தொடங்கினர். இடைவெளி ஓராண்டே. வெஸ்லியன் மிஷனாரின் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி 1816ஆம் ஆண்டிலும், வேம்படி மகளிர் கல்லூரி 1834ஆம் ஆண்டிலும் தோன்றின. இடைவெளி பதினெட்டாண்டு. இங்கிலாந்துத் திருச்சபையினரின் பரி. யோவான் கல்லூரி 1823ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கொள்வது. அதன் அயலிலுள்ள சுண்டிக்குளி மகளிர் கல்லூரி 1896ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. இடைவெளி எழுபத்துமூன்றாண்டு.

சைவர்களாகிய நமது முயற்சியும் இவ்வகையிற் குறைகூறலுக்கு அப்பாற்பட்டதன்று. ஆறுமுக நாவலர் 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிச் சைவக் கல்விக்கு அடிகோலினார். 1890ஆம் ஆண்டில் சைவபரிபாலன சபையார் பொறுப்பேற்ற கல்லூரியே பின்னர் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. நகரத்தில் அதற்கு ஒத்த யாழ்ப்பாணம் இந்து மகளிர் கல்லூரி 1943ஆம் ஆண்டிலேயே தோன்றியது. இடைவெளி ஐம்பத்துமூன்றாண்டு. இவ்விரண்டுக்கும் நடுவே சேர் பொன்னம்பலம் இராமநாதன் ஒருவரே இவ்வொழுங்கை மாற்றிச் செய்தார். அவர் மருதனார்மடத்தில் இராமநாதன் மகளிர் கல்லூரியை 1913ஆம் ஆண்டில் முதலில் நிறுவி, திருநெல்வேலியில் ஆண்களுக்கான பரமேஸ்வராக் கல்லூரியை 1921ஆம் ஆண்டிலேயே நிறுவினார். பெண்களுக்கு முன்னும் ஆண்களுக்குப் பின்னும் கல்லூரி எடுத்தவர் என்னும் பெருமை அவர்க்கே உரியது.

இவ்வாண்டுக் கணக்கு நமக்கு ஓர் உண்மையைத் தெளிவாக்குகின்றது. "பிரித்துக் கற்பித்தல்" என்னுந் தொடர், இரு பாலார்க்கும் இரண்டு பாடசாலை உண்டு என்னும் எண்ணத்தை நம் உள்ளத்தில் எழுப்புகின்றது. நடைமுறையிலோ, பிரித்தல் என்பது பல தலைமுறைகளுக்கு ஆண்களுக்கு ஒரு பாடசாலையும் பெண்களுக்கு ஒன்றுமில்லாமையுமாகவே இருந்தது. ஐம்பத்துமூன்றாண்டு என்பது இரண்டு தலைமுறை. தம்பி இந்துக் கல்லூரிக்குப் போனான். அக்காள் ஐந்தாம் வகுப்போடு வீட்டில் நின்றாள், அன்றேல் பிறசமயத்தார் பாடசாலைக்குப் போனாள்.

இங்ஙனங் கூறுவதால் மகளிர் கல்லூரிகளின் தொண்டைக் குறைத்து மதிப்பிட்டோம் என்று கொள்ளற்க. உடுவிலில் ஹரியட் வின்ஸ்லோ அம்மையார் தொடக்கிய விடுதிப் பாடசாலையில் முதலிற் சேர்ந்த பெண்கள் மிகச் சிலரே. பெண்ணுக்கு எழுத்தறிவு வேண்டாம் என்று கருதிய காலம் அது. மிஷனாருடைய நோக்கமும், செமினரியிற் கற்ற இளைஞர்க்குக் கிறிஸ்தவ மனைவியரை ஆக்குதல் என்னும் அளவில் ஒடுங்கியதாகவே இருந்தது. ஆயினும் பயன் நோக்கத்தைக் கடந்து சென்றது. எலைசா அக்னியூ அம்மையார் 1840ஆம் ஆண்டளவில் அங்கு வந்து ஏறத்தாழ நாற்பதாண்டு தாய்நாடு திரும்பாமலே கற்பித்தார். தாயைக் கற்பித்தவர் மகளையும், மகளைக் கற்பித்தவர் பேர்த்தியையும் கற்பிக்கும் நிலை அங்கே உண்டாயிற்று. பெண் ஆசிரியரும், பெண் தலைவியும், பெண்களே நடத்தும் விடுதியும் இல்லாவிடின், வயது வந்த தன் மகளைப் படிக்க விடத் துணிந்திருக்கக்கூடிய தந்தை அக்காலத்து யாழ்ப்பாணத்தில் மிக அரியன். கதவு மூடியிருந்த காலத்தில் அதனைத் திறந்த திறவுகோல் தனிப்பாற் கல்வியே. இதனை மறுத்தல் நன்றி மறத்தலாகும்.

மேலும், மகளிர் கல்லூரி பெண்களுக்கு வேறொரு பயனையும் அளித்தது. அங்கே மாணவர் தலைவியும் பெண், விவாத மேடையில் ஏறுவாளும் பெண், விளையாட்டணித் தலைவியும் பெண், அதிபரும் பெரும்பாலும் பெண். எல்லாப் பொறுப்பையும் பெண்ணே தாங்க வேண்டிய சூழலில் தாங்கும் ஆற்றல் தானே வளர்ந்தது.

ஆயினும் ஒரு குறை இருந்தது. பாடவிதானத்தில் மனையியல், தையல், சுகாதாரம், தாவரவியல் என்பவற்றுக்கு இடமளித்த மகளிர் பாடசாலைகள் பலவற்றில் பௌதிகமும் இரசாயனமும் உயர்கணிதமும் மிகப் பிந்தியே வந்தன. இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறையன்று. ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடைநிலைப் பாடவிதானம் வேறுபடல் வேண்டுமா என ஆராய்ந்து 1923ஆம் ஆண்டில் ஒரு குழு அறிக்கை வெளியிடும் அளவுக்கு இங்கிலாந்திலும் இவ்வினா பெரிதாக இருந்தது. ஆய்வுகூடம் அமைத்தல் பெருஞ்செலவு. பௌதிக ஆசிரியர் கிடைத்தல் அருமை. ஒரு சபை ஓர் ஆய்வுகூடந்தான் கட்ட இயலுமாயின், அது ஆண்கள் கல்லூரியிலேயே கட்டப்பட்டது.

இவ்விடத்திலேதான் கிராமத்து ஆங்கிலப் பாடசாலைகளின் வரலாறு நம் கவனத்துக்கு உரியதாகின்றது. சுன்னாகம் ஸ்கந்தவரோதயக் கல்லூரி 1894ஆம் ஆண்டிலும், கொக்குவில் இந்துக் கல்லூரி 1910ஆம் ஆண்டிலும், பாவலர் துரையப்பாபிள்ளை அவர்கள் நிறுவிய தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி அதே 1910ஆம் ஆண்டிலும் தோன்றியவை. இவை இன்று கலவன் பாடசாலைகளாக விளங்குகின்றன. நகரத்துச் செல்வம் இல்லாத இவ்வூர்கள், இருக்கின்ற ஒன்றை இருபாலார்க்கும் பொதுவாக்கின. 1940களில் கன்னங்கரா அவர்கள் நாடெங்கும் பரப்பிய மத்திய பாடசாலைகளும் பெரும்பாலும் கலவனே. 1945ஆம் ஆண்டு இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபின், கட்டணம் என்னும் தடை நீங்கவே, மகனுக்குக் கட்டியது போக மகளுக்கு மிஞ்சவில்லை என்னும் பழைய சாட்டும் நீங்கியது. ஓர் ஆய்வுகூடத்தில் ஒரே மேசையில் அளவுச் சாடியைப் பிடிக்கும் உரிமை கிராமத்துப் பெண்ணுக்குக் கலவன் பாடசாலை வழியாகவே கிடைத்தது. மகாஜனாவின் பெண்கள் உதைபந்தாட்ட அணி அகில இலங்கைப் போட்டிகளில் வெற்றி சூடியமையை அண்மைக்காலத்தில் நாம் கண்டோம். ஆண்கள் ஆடும் மைதானமும் பயிற்றுநரும் பெண்களுக்கும் திறக்கப்படின் நிகழ்வது யாது என்பதற்கு அது சான்று.

இனி, ஒழுக்கம் பற்றிய அச்சத்தைச் சிறிது நோக்குவாம். பெற்றோரின் இவ்வச்சத்தை எள்ளி நகையாடல் முறையன்று. பிள்ளையின் பாதுகாப்பைப் பற்றிய கவலை அது. ஆனால், பிரித்துக் கற்பித்த பாடசாலையின் மாணவர் தனியார் கல்வி நிலையத்தில் மாலைதோறும் அருகருகே இருந்து படிக்கின்றனர். பத்தொன்பதாம் வயதில் எவ்வகைப் பழக்கமுமின்றித் திடீரெனப் பல்கலைக்கழக விரிவுரை மண்டபத்தில் ஒருங்கு அமர்கின்றனர். இராமநாதன் அவர்கள் ஆண்களுக்கெனக் கட்டிய பரமேஸ்வராக் கல்லூரி மண்டபங்களிலேயே 1974ஆம் ஆண்டில் யாழ்ப்பாண வளாகம் தொடங்கிற்று. அன்று முதல் அங்கே இருபாலாரும் கற்கின்றனர்; இன்று நம் நாட்டுப் பல்கலைக்கழக மாணவருட் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். ஆகவே கலந்து பழகுதல் வருமா, வாராதா என்பது வினாவன்று. ஆசிரியரின் கண்காணிப்பில் முறையாக வருமா, கண்காணிப்பின்றி வருமா என்பதே வினா.

அதேவேளை, கலவன் பாடசாலையில் கற்பிக்கும் ஆசிரியன் என்ற முறையில் அதன் குறைகளையும் கூறுதல் என் கடமை. வகுப்பறையின் ஒரு பாதி ஆண்கள், மறுபாதி பெண்கள். வினா வினவினால் உரத்த குரலில் விடை வருவது பெரும்பாலும் ஆண்கள் பக்கத்திலிருந்தே. விடை தெரிந்த பெண் தன் கொப்பியில் அதனை எழுதிவைத்துக்கொண்டு வாளாவிருப்பாள். ஆசிரியன் முயன்று பெயர் சொல்லி அழைத்தாலன்றி அவள் குரல் எழுவதில்லை. பரிசோதனையில் கருவியைப் பிடிப்பவன் பையனாகவும் அவதானிப்பை எழுதுபவள் பெண்ணாகவும் தாமே பங்கிட்டுக்கொள்வர். கூட்டம் முடிந்தபின் மண்டபத்தைக் கூட்டுபவர் யார் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. கலவன் பாடசாலை என்று பலகை எழுதிவிடுவதால் மட்டும் சமத்துவம் வந்துவிடாது. பக்கத்திலிருந்து கற்றல் வேறு. சமமாகக் கற்றல் வேறு. கலவன் பாடசாலைகளின் அதிபர் பதவியும் பெரும்பாலும் ஆண்களிடமே சென்றமை சிந்தித்தற்குரியது.

இனிப் பரீட்சைப் பெறுபேறு என்னும் வாதத்துக்கு வருவோம். "நகரத்து ஆண்கள் கல்லூரிகளும் மகளிர் கல்லூரிகளுமே சிறந்த பெறுபேறு பெறுகின்றன, ஆகவே பிரித்துக் கற்பித்தலே சிறந்தது" எனப் பலர் முடிவு கட்டுகின்றனர். இம்முடிவில் ஓர் அளவையியல் வழு உண்டு. 1940களில் மத்திய பாடசாலைகளுக்குப் பிள்ளைகளைத் தெரிதற்பொருட்டு எழுந்த புலமைப்பரிசில் முறை, இன்று தரம் 5 பரீட்சையாக நாடெங்கும் நடைபெறுகின்றது. அதில் மிக்க புள்ளி பெற்ற பிள்ளை கிராமத்துக் கலவன் பாடசாலையை விட்டு நகரத்துத் தனிப்பாற் கல்லூரிக்குச் செல்கின்றது. ஆறாண்டு கழித்து அப்பிள்ளை க.பொ.த. சாதாரண தரத்தில் ஒன்பது பாடத்திலும் அதிவிசேட சித்தி பெறின், அதனை நகரத்துக் கல்லூரியின் பெருமையாகவும் கிராமத்துப் பாடசாலையின் தாழ்வாகவும் எண்ணுகின்றோம். நல்ல நெல்லைப் பொறுக்கி ஒரு வயலிலும் எஞ்சியதை மற்றொரு வயலிலும் விதைத்துவிட்டு, விளைவைக் கொண்டு மண்ணை மதிப்பிடுதல் போன்றது இது.

பிறநாட்டு ஆய்வுகளும் இவ்விடர்ப்பாட்டை உணர்ந்தே செல்கின்றன. இங்கிலாந்தில் டேல் என்பார் 1969 முதல் 1974 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட ஆய்வு, கலவன் பாடசாலைகளில் மாணவரும் ஆசிரியரும் மகிழ்ச்சி மிக்கிருந்தனர் எனவும், கல்வித் தேர்ச்சிக்கு அதனாற் குந்தகமில்லை எனவும் கண்டது. 1989ஆம் ஆண்டில் வெளிவந்த தாய்லாந்து ஆய்வொன்று, எட்டாந் தரக் கணிதத்தில் பெண்கள் மகளிர் பாடசாலையிலும் ஆண்கள் கலவன் பாடசாலையிலும் கூடுதலாக முன்னேறினர் என்றது. தென்கொரியாவின் சியோல் நகரில் 1974 முதல் பிள்ளைகளைக் குலுக்கல் முறையிற் பாடசாலைகளுக்குப் பகிர்ந்தனர். பொறுக்கி எடுத்தல் அங்கே இல்லை. அதனை ஆராய்ந்து 2013ஆம் ஆண்டில் வெளிவந்த கட்டுரை, தனிப்பாற் பாடசாலையினர் பல்கலைக்கழகப் புகுமுகப் பரீட்சையில் மேம்பட்டனர் எனக் கூறிற்று. அடுத்த ஆண்டில், 21 நாடுகளைச் சேர்ந்த 16 இலட்சம் மாணவரைப் பற்றிய 184 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியவர்கள், முறையாக ஒப்புநோக்கிய ஆய்வுகளில் இரு முறைகளுக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றனர். இவை அனைத்தையும் ஒருங்கு வைத்து நோக்கின், பிரித்தலோ சேர்த்தலோ தன்னளவில் ஒரு பிள்ளையை ஆக்குவதுமில்லை, அழிப்பதுமில்லை என்பதே தேறும்.

அங்ஙனமாயின் எது ஆக்குகின்றது? இதற்கு விடை காண எம்மூராகிய அரியாலையை எடுத்துக்கொள்வோம். நாவற்குழி வழியாகக் கண்டி வீதியில் யாழ்ப்பாண நகருட் புகுவோர் முதலிற் கடக்கும் ஊர் இது. மேற்கே அணித்தாகச் சுண்டிக்குளி. அங்கே ஆண்களுக்கும் பெண்களுக்கும் பெயர்பெற்ற தனித்தனிக் கல்லூரிகள். ஊரிலோ ஸ்ரீ பார்வதி வித்தியாசாலை போன்ற ஆரம்பப் பாடசாலைகளும், ஸ்ரான்லிக் கல்லூரி என முன்னர் வழங்கிய கனகரத்தினம் மத்திய மகா வித்தியாலயமும் உள்ளன. 1995ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குச் சென்ற நாளில், அப்பெருந்திரள் நடந்த பாதையும் இவ்வூரூடாகவே சென்றது. அக்காலத்தில் மரநிழலிலும் இரவற் கட்டடத்திலும் பாடம் நடத்தியபோது, இது ஆண்கள் பாடசாலை, இது பெண்கள் பாடசாலை என்று எவரும் நுணுகி நோக்கவில்லை. ஆசிரியர் உளரா, கரும்பலகை உண்டா என்றே நோக்கினர். இடுக்கண் காலத்தில் நாம் கேட்ட அக்கேள்வியே சரியான கேள்வி.

இன்று நிலைமை யாது? சைக்கிளும் பேருந்துக் கட்டணமும் மாலை வகுப்புக் கட்டணமும் கொடுக்கவல்ல பெற்றோர் தம் பிள்ளைகளை நகரத்துத் தனிப்பாற் கல்லூரிகளுக்கு அனுப்புகின்றனர். அங்ஙனம் அனுப்புதல் அவர்தம் உரிமை. ஆனால் ஒவ்வொரு பிள்ளை நீங்குந்தோறும் ஊர்ப் பாடசாலையின் தொகை குறைகின்றது. தொகை குறையக் கணித ஆசிரியர் இடம் குறைகின்றது. ஆசிரியர் குறைய உயர்தர விஞ்ஞான வகுப்பு நடத்த இயலாது போகின்றது. வகுப்பு இல்லாமையால் எஞ்சிய பிள்ளைகளும் நீங்குகின்றனர். நீங்க இயலாதவர் யார்? கூலித் தொழிலாளியின் மகளும் கடற்றொழிலாளியின் மகளும். பையன் சைக்கிளில் எட்டு மைல் போய் வருவான். இருள்முன் வீடு சேர வேண்டிய பெண்ணுக்கு அவ்வழி இல்லை. ஊரிற் கணிதப் பிரிவு இல்லாவிடின் அவள் கலைப் பிரிவு படிக்கின்றாள். விரும்பிப் படித்தால் கலைப்பிரிவும் சிறந்ததே. நானும் கலைப்பட்டம் பெற்றவனே, அதுவும் வெளிவாரியாக. ஆயின் வேறு வழியின்மையால் ஒன்றைத் தெரிதல் தெரிதலாகாது. பல்கலைக்கழகத்தில் பெண்கள் மிக்கிருந்தும் பொறியியற் பீடங்களில் அவர் தொகை குறைந்திருத்தற்கு இதுவும் ஒரு காரணமாம்.

ஆகவே எம் முடிவு வருமாறு. வரலாற்றில் தம் பணியைச் செவ்வனே ஆற்றிவரும் மகளிர் கல்லூரிகளைக் கலைத்துக் கலவனாக்குதல் வேண்டியதன்று. அவற்றின் விடுதியும் பெண் தலைமையும் இன்றும் பலர்க்கு அரண். அதேவேளை, கலவன் பாடசாலையை ஏழைகளுக்கான இரண்டாந்தரப் பாடசாலை என்று கருதும் மனப்பான்மை ஒழிதல் வேண்டும். எந்தப் பாடசாலையாயினும் அதனை நான்கு வினாக்களாற் சோதிக்கலாம். பெண்ணும் ஆணும் விரும்பும் பாடப் பிரிவு அங்கே உண்டா? ஆய்வுகூடமும் மைதானமும் இருபாலார்க்கும் ஒப்பக் கிடைக்கின்றனவா? பிள்ளை தன் இடரை மனந்திறந்து கூறத்தக்க ஆசிரியையும் ஆசிரியரும் உளரா? பெண்பிள்ளைகளுக்குப் போதிய மலசலகூடமும் தண்ணீரும் உண்டா? இவற்றுக்கு ஆம் என்று விடை தரும் பாடசாலை, கலவனாயினும் தனிப்பாலாயினும் நற்பாடசாலையே. இல்லை என்று விடை தருவது எத்துணைப் புகழ் வாய்ந்ததாயினும் குறையுடையதே.

செய்யத்தக்கவை அரியன அல்ல. அண்டை ஊர்களின் கலவன் பாடசாலைகள் இரண்டு மூன்று சேர்ந்து ஓரிடத்தில் கணித, விஞ்ஞான உயர்தர வகுப்பை நடத்தலாம். பெண்பிள்ளைகள் போய் வர ஒழுங்கான பேருந்து ஒன்றை அவ்வகுப்பு நேரத்துக்கு ஏற்ப விடுவிக்கலாம். நகரத்துக் கல்லூரிகளின் ஆய்வுகூடங்களைச் சனிக்கிழமைகளில் அயலூர்ப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடலாம். கலவன் பாடசாலையில் மாணவர் தலைமையை ஆண்டுதோறும் ஆணும் பெண்ணும் இணைந்தே வகிக்கச் செய்யலாம். வகுப்பில் வினவும் ஆசிரியர், முதல் விடையைப் பெண்கள் பக்கத்திலிருந்தும் வருவிக்கலாம். இதற்குச் சுற்றுநிருபம் வேண்டியதில்லை. பழைய மாணவர்கள் தாம் கற்ற கல்லூரிக்கு உதவும் பொழுது, தாம் முதலில் அரிச்சுவடி படித்த அ.த.க. பாடசாலையையும் நினைவிற் கொள்வாராக. தம்பிக்கு ஒரு கல்லூரி கிடைத்து அக்காளுக்கு ஐம்பத்துமூன்றாண்டு கழித்துக் கிடைத்த வரலாறு நம்முடையது. இன்று ஊரில் எஞ்சி நிற்கும் பிள்ளைகளை மீண்டும் அவ்வாறு காத்திருக்கச் செய்தல் முறையாகாது.